வண்டிக்கு ஒரு பங்கு

பழனி அடிவாரத்தில் யாத்திரிகர் விடுதியும் பஞ்சாமிர்தக் கடையும் வைத்திருந்த ஞானவேல் முதலாளிக்குச் சொந்தமாக ஒரு கருப்பு வாக்ஸால் கார் இருந்தது. காருக்கு டிரைவர் பொன்னுவேல். காருக்கும் டிரைவருக்கும் முதலாளிக்கும் மேலே, முதலாளியின் மனைவி சண்முகவள்ளி அம்மாளின் மூக்கு இருந்தது.

அது லேசுப்பட்ட மூக்கு இல்லை. ஒருமுறை விடுதியின் ஏழாம் நம்பர் அறையில் யாரோ ஒரு யாத்திரிகர் பூட்டிய டிரங்குப் பெட்டிக்குள் மூன்று துணி சுற்றி வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டை, மாடியில் பூஜை அறையில் கண்ணை மூடி உட்கார்ந்தபடியே அம்மாள் கண்டுபிடித்தார். யாத்திரிகர் திரும்பிப் பார்க்காமல் ஊர் போய்ச் சேர்ந்தார். அறையை மூன்று நாள் கழுவினார்கள்.

காருக்கும் சட்டதிட்டங்கள் உண்டு. முட்டை ஏறக் கூடாது. முட்டை தின்றவர் ஏறலாம், பல் துலக்கியிருந்தால். முந்தைய டிரைவர் ராமர் வேலை இழந்தது ஒரு கோழியால். மாமியார் வீட்டுக்குப் போகிற வழியில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு நாலு மைல் காரோட்டிவிட்டார். கோழி உயிரோடுதான் இருந்தது என்று வாதாடிப் பார்த்தார். உயிரோடு இருந்ததால் அது சீட்டில் செய்துவிட்டுப் போனதை அம்மாள் சுட்டிக்காட்டினார். வாதம் அதோடு முடிந்தது.

பொன்னுவேல் இந்த வேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததற்குக் காரணம் பேத்துப்பாறையில் இருந்தது. அவனுடைய தாய்மாமன் நல்லசாமி அங்கே பூண்டும் பீன்ஸும் போடுகிற விவசாயி. மாமன் மகள் அன்னக்கொடி. முறைப்பெண்தான், பேச்சுவார்த்தையும் இருந்தது. ஆனால் மாமன் போன வருஷமே சொல்லிவிட்டார்: "ஏலே, காரோட்டுறதெல்லாம் ஒரு சோலியா? இன்னைக்கு ஒருத்தன் வண்டி, நாளைக்கு ஒருத்தன் வண்டி. ஒரே மொதலாளிகிட்ட ஒரு வருசம் நெலச்சு நின்னு காட்டு. அப்புறமா பொண்ணப் பத்திப் பேசு."

பொன்னுவேல் நின்று காட்டிக்கொண்டிருந்தான். ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரைக் கடைசியில், முதலாளி குடும்பம் கோடைக்காகக் கொடைக்கானலில் ஒரு பங்களாவில் வந்து தங்கியபோது, வருஷம் முடிய இருபத்து மூன்று நாள் இருந்தது.

அன்று காலை அம்மாள் அவனிடம் இரண்டு சாக்கைக் கொடுத்தார். "உங்க மாமா தோட்டத்துல கோசும் பீன்சும் உருளைக்கெழங்கும் நல்லா இருக்கும்னியே, போயி வாங்கிட்டு வா. பூண்டு வாசம் படக் கூடாது. பட்டா எனக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியுங்கம்மா," என்றான் பொன்னுவேல். உலகத்தில் அவன் சந்தேகப்படாத விஷயங்களில் அது ஒன்று.

*

பெருமாள்மலையிலிருந்து பிரிகிற மண்பாதை மாமனின் பீன்ஸ் தோட்டம் வரை காரை அனுமதித்தது. தோட்டத்து ஓரத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடி நின்றார்கள். காரைப் பார்த்ததும் அத்தனை முகமும் மலர்ந்தது. மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கார்க் கதவைத் தம் கையாலேயே திறந்துவிட்டார்.

"வாங்க மாப்ள."

பொன்னுவேல் யாரை அழைக்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவன் அந்த மனிதருக்கு 'ஏலே'யாக மட்டுமே இருந்தவன்.

காரணம் நாவல் மரத்தில் தொங்கியது. இளங்கொம்பு விட்ட கடமான். பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கிளையில் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு மாதமாக அந்த வட்டாரத்து பீன்ஸையெல்லாம் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரித் தின்றுகொண்டிருந்ததாம். வேட்டை லைசென்ஸ் வைத்திருக்கிற ரிட்டயர்டு சுபேதார் சுப்புராஜைக் கொடைக்கானலிலிருந்து வரவழைத்து, அன்று வெள்ளனே சுட்டாகிவிட்டது.

சுபேதார் மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "ஒரே ஷாட், மிஸ்டர் டிரைவர்."

"மூணு," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "ரெண்டு பாறையில."

"அது ரேஞ்ச் பாத்தது," என்றார் சுபேதார். "இப்ப விஷயம் என்னன்னா, என் ஜீப்பு அச்சு முறிஞ்சு ஓடையில கெடக்கு. இன்னைக்கு சாயந்தரம் கொடைக்கானல்ல எங்க வேட்டைச் சங்கத்துல விருந்து. அதுக்கு முன்னால போட்டோ. நாலு மணிக்கு மேல மஞ்சு எறங்கி மலைய மூடிட்டா போட்டோ கிடையாது. மான் முழுசா, நீட்டா, மூணரைக்குள்ள சங்கத்து வாசலுக்கு வந்தாகணும். மிஸ்டர் நல்லசாமி உங்க காரைத் தர்றதா சொல்லிட்டார்."

"என் தங்கச்சி மகன் காரு," என்றார் மாமன், ஊருக்கே கேட்கிற குரலில். "அவரு மாட்டேன்னா சொல்லப்போறாரு?"

பொன்னுவேல் மாமனைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். "மாமா, அது என் காரு இல்ல, மொதலாளி காரு. உசுரோட ஒரு கோழி ஏறுனதுக்கே ராமருக்குச் சீட்டக் கிழிச்சுட்டாங்க. இதுல ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் என் சோலி போச்சு. சோலி போனா நீங்க பொண்ணு தர மாட்டீங்க."

"தர மாட்டேன்," என்று மாமன் ஒப்புக்கொண்டார். "ஆனா ஊரு முன்னால வாக்குக் குடுத்துட்டேன். இப்ப நீ மாட்டேன்னு சொல்லி என் மூஞ்சியில கரியப் பூசுனாலும் பொண்ணு தர மாட்டேன்."

பொன்னுவேல் இரண்டு வழியையும் யோசித்துப் பார்த்தான். ஏற்றினால் போகக்கூடியது எதுவோ, ஏற்றாவிட்டால் இப்போதே போகக்கூடியதும் அதுதான். ஏற்றுவதில் மூன்று மணிநேரம் லாபம்.

"சொட்டு விழுகாமக் கொண்டு போறது எப்படின்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்.

"இதக் கேக்கவா இம்புட்டு நேரம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னீங்க?" என்றபடி அன்னக்கொடி வந்தாள். சேலையை இழுத்துச் செருகி, கையில் கதிர் அறுக்கிற பன்னறுவாளோடு இருந்தாள். "அந்த மானே உங்களவிட நல்லாத் தொங்குது மச்சான்."

*

அன்னக்கொடி முதலில் செய்தது, யாரையும் அவசரப்பட விடாததுதான்.

"கொடலெல்லாம் சூடு ஆறுறதுக்குள்ள எடுத்தாச்சு. ரத்தம் வடிஞ்சு நின்னுருச்சு. இப்ப இது ஆறணும். சுடச்சுட மூட்டையாக் கட்டுனா வேர்த்து வேர்த்துத் தண்ணி விடும், நாத்தமும் கூடும். யாரும் தண்ணிய ஊத்திக் கழுவாதீங்க. காஞ்ச துணியில தொடைங்க."

"நேரமாச்சும்மா," என்றார் சுபேதார்.

"குறி பாக்க மூணு தடவ ஆச்சுல்ல, கட்டறதுக்கு ஒரு தடவதான் ஆகும். பொறுங்க."

சுபேதார் புகைப்படக்காரரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லி, பெருமாள்மலைக்கு நடந்து போய் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். தைரியமான முடிவு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அடுத்து உண்ணி. உடம்பு குளிர்ந்ததும் மான் மேலிருக்கிற உண்ணிகள் சூடான இடம் தேடிப் புறப்படும் என்று அன்னக்கொடி விளக்கினாள். காருக்குள் சூடான இடம் என்றால் அது டிரைவர். பொன்னுவேல் இரண்டடி தள்ளி நின்றான். பச்சைத் தைலமர இலையைப் போட்டு அடியில் புகை மூட்டினார்கள். உண்ணிகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன.

பிறகு மானின் காலியான வயிற்றுக்குள், பன் என்று அந்த மலையில் சொல்கிற பெரணியின் காய்ந்த இலைகளைத் திணித்தாள். "உள்ள என்ன ஊறுனாலும் இது குடிச்சிரும்," என்றாள். வயிற்றைச் சணலால் தைத்தாள். மூக்கிலும் வாயிலும் துணிப்பந்தை அடைத்து, முகவாயைச் சேர்த்துக் கட்டினாள்.

"எல்லாரும் வயித்தத்தான் பாப்பாங்க. ஒழுகுறது மூக்கு. நீங்க இங்கிருந்து கொடைக்கானல் வரைக்கும் மேட்டுலதான் ஏறுறீங்க. அதனால தலை முன்பக்கம், ஒசரத்துல. பொச்சுப் பக்கம் பின்னால. தலை ஒசரத்துல இருந்தா எறங்குறது வயித்துப் பன்னுக்கு எறங்கும். தலை தாழ்ந்துச்சுன்னா மூக்கு வழியா எறங்கி நேரா உங்க மொதலாளியம்மா மூக்குக்குப் போயிரும்."

பின்சீட்டைக் கழற்றிக் கம்பளத்தில் சுற்றிக் காரின் கூரைமேல் கட்டினார்கள். தரையில் வைக்கோல், அதன்மேல் சாக்கு, அதன்மேல் தார்ப்பாய். நாலு பேர் தோளில் மூங்கிலோடு தூக்கி வந்து, கொம்பு கதவில் இடிக்காமல் உள்ளே இறக்கினார்கள். கடமான் நீட்டிப் படுத்தது. கழுத்து மட்டும் முன்சீட்டுச் சாய்மானத்தின் மேல் ஏறி, தலை டிரைவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அன்னக்கொடி தார்ப்பாயை மடித்துக் கட்டி, தலைக்கு மட்டும் கருப்புக் கம்பளி ஒன்றைக் கொம்பும் தெரியாமல் சுற்றிவிட்டாள். பார்க்கிறவருக்கு, குளிரில் முக்காடு போட்ட பெரிய மனிதர் ஒருவர் டிரைவரின் தோள்பக்கமாக எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

கார் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு முருகன் படம் உண்டு. பொன்னுவேல் அதைப் பார்த்தான். வள்ளியம்மையைப் பெற்றதே மான் என்பது அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. சுவாமிக்கு மாமியார் வழிச் சொந்தம். படத்தின்மேல் தன் துண்டைப் போட்டான்.

புறப்படுகிற நேரத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. அந்த ஊரில் வேட்டைக்குத் தோள்பங்கு என்று ஒரு வழக்கம். மானைத் தூக்கின தோள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. கேட்காமல் கொடுக்க வேண்டும், மறுக்காமல் வாங்க வேண்டும், வாங்கினவர் வீட்டு அடுப்பங்கரைக்கு அது போய்ச் சேர வேண்டும். சுபேதார் மான் முழுசாக வேண்டும் என்றதால், உள்ளிருந்து எடுத்ததிலேயே நாலு பேருக்கும் பங்கு வைத்தாகிவிட்டது. ஈரலில் ஒரு துண்டு மட்டும் இலையில் தனியாக இருந்தது. கோயில் பூசாரி அழகுமலை அதைக் காட்டிச் சொன்னார்:

"இங்கிருந்து தூக்கப்போறது இந்தக் காரு. அப்ப இது அஞ்சாவது தோளு."

"காருக்குத் தோளே இல்லீங்களே," என்றான் பொன்னுவேல்.

"நாலு சக்கரம் இருக்குல்ல. ஒரு தோளுக்குப் பங்கு விட்டுப்போனா, அடுத்த வருசம் பூராவும் ஒரு குண்டும் படாது. வெள்ளாமைய அதுக வந்து தின்னும், நாம பாத்துக்கிட்டு நிக்கணும்."

"காருக்குச் சொந்தக்காரரு சுத்த சைவம்ங்க."

"திங்குறதும் திங்காததும் அவரு சோலி. குடுக்குறது நம்ம சோலி."

"வேண்டவே வேணாம்," என்றான் பொன்னுவேல்.

மாமன் நடுவில் வந்தார். "சரி விடுங்கப்பா. மாப்ளதான் இம்புட்டுத் தூரம் சொல்றாருல்ல. காய்கறி மூட்டைய டிக்கியில ஏத்துங்க, நேரமாகுது."

மாமனுக்குத் தன்மேல் இவ்வளவு மரியாதை வந்துவிட்டதே என்று நெகிழ்ந்துபோய்ப் பொன்னுவேல் வண்டியை எடுத்தான். காய்கறி மூட்டையை யார் கட்டினார்கள் என்று அவன் பார்க்கவில்லை.

*

பெருமாள்மலை முக்கில் கட்டை லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றான். அந்த முக்கில் பழனி வாழைக்காய் வியாபாரிகள் எப்போதும் இருப்பார்கள், முதலாளியின் காரை நன்றாக அடையாளம் தெரிந்தவர்கள். மானைச் சுட்டதற்கு லைசென்ஸ் இருந்தது. அதை இந்தக் காரில் ஏற்றியதற்கு லைசென்ஸ் கொடுக்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான், அவர் கொடுக்க மாட்டார். பொன்னுவேல் கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான்.

டீக்கடையிலிருந்து செல்லப்பாண்டி வந்தார். ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ரோட்டில் போகிறவர்களையும் நோயாளிகளாகவே பார்க்கிற பழக்கம் உள்ளவர்.

"யாருப்பா உள்ள? முடியலயா?"

"சொந்தக்காரருங்க. மலைக்காச்சலு."

"எந்த ஊரு?"

"பேத்துப்பாறைப் பக்கந்தான். தோட்டந் தோட்டமா சுத்துவாரு."

"பேச்சு மூச்சு இல்லையே."

"காலையிலருந்தே இல்லீங்க."

கம்பவுண்டர் ஜன்னல் வழியே கையை விட்டுக் கம்பளிக்கு மேலேயே நெற்றியில் வைத்துப் பார்த்தார். கம்பவுண்டர் முகம் தெளிந்தது.

"சூடே இல்லையே. சில்லுனு இருக்கு. காச்ச சுத்தமா விட்டிருச்சு, பயப்படாத. தலையில என்ன, கட்டி கட்டியா புடைச்சிருக்கு?"

"விழுந்துட்டாருங்க."

"கஞ்சி மட்டும் குடு. கறி மீன் ரெண்டு நாளைக்கு வேணாம்."

"அவரு சைவந்தாங்க," என்றான் பொன்னுவேல். அன்றைக்கு அவன் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அதுதான்.

லாரி நகர்ந்தது. ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் முக்காட்டுத் தலை மெல்லச் சாய்ந்து அவன் தோளைத் தொட்டது. ஒவ்வொரு முறையும் அவன் ஒரு கையால் அதை நிமிர்த்தி வைத்தான். எட்டாவது வளைவில், "கொஞ்சம் நேரா உக்காருங்க," என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு இருவரும் ஓரளவு பழகிவிட்டார்கள்.

மூன்று மணி இருபது நிமிஷத்துக்குக் கார் சங்கத்து வாசலில் நின்றது. சமையல்காரர் ஆண்டிச்சாமி நாலு ஆட்களோடு மானை இறக்கினார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். வைக்கோலையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இருபது வருசமா மான் எறக்குறேன். துரைமாருங்க ஜீப்பெல்லாம் கசாப்புக்கடையாட்டம் வந்து நிக்கும். இது என்னப்பா, பொண்ணழைப்புக்குப் போயிட்டு வந்த காரு மாதிரி இருக்கு?"

சுபேதார் மானின் பக்கத்தில் ஒற்றைக் காலை மடித்து உட்கார்ந்து மூன்று போட்டோ எடுத்துக்கொண்டார். முதல் இரண்டும் சரியாக விழவில்லை.

பொன்னுவேல் வைக்கோலை அள்ளிக் கொட்டி, சீட்டைத் திரும்ப மாட்டி, கடைத்தெருவில் ஒரு பாட்டில் யூக்கலிப்டஸ் தைலம் வாங்கினான். அதைப் பஞ்சில் நனைத்துக் காரின் மூலைமுடுக்கெல்லாம் துடைத்தான். மிச்சத்தைத் தன் சட்டையில் தெளித்துக்கொண்டான். துண்டை எடுத்து முருகனைத் திறந்துவிட்டான். இருபத்து மூன்று நாள் என்பது திடீரென்று ரொம்பக் குறைவாகத் தெரிந்தது. பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே பங்களாவுக்குப் போனான்.

*

அம்மாள் சமையலறையில் இருந்தார். பொன்னுவேல் மூட்டைகளோடு உள்ளே வந்ததும் மூன்று தும்மல் தும்மினார்.

"என்னடா இது, தைலப் பாட்டிலுக்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்தியா? எனக்கு மூக்கே மரத்துப்போச்சு."

"மலைக் குளிருங்கம்மா. சளி பிடிச்சிரக் கூடாதுன்னு தேச்சேன்."

"நல்லதுதான். தட்டுல சோறு எடுத்து வச்சிருக்கேன். மத்தியானத்துலருந்து பட்டினியாத்தான இருப்ப. தயிரு கட்டியா ஊத்திருக்கேன், சாப்பிடு." சொல்லிக்கொண்டே அம்மாள் சாக்கின் வாயை அவிழ்த்துக் கோஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். நாலாவது கோஸுக்கும் ஐந்தாவது கோஸுக்கும் நடுவில், வாழை நாரால் கட்டிய ஒரு இலைப்பொட்டலம் இருந்தது.

பொன்னுவேல் வாயில் வைத்த தயிர்ச்சோறு அங்கேயே நின்றது. 'சரி விடுங்கப்பா' என்று மாமன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது அவனுக்கு இப்போது விளங்கியது. பங்கு, வாங்கினவர் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அம்மாள் நாரை அவிழ்த்தார். கருஞ்சிவப்பில், பளபளவென்று, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அது இருந்தது. குனிந்து முகர்ந்தார். தைலம்தான் வந்தது. விரலால் அழுத்தினார்.

"இதென்னடா? பீட்ரூட்டா? மெத்து மெத்துனு இருக்கே."

பொன்னுவேல் வாயில் நின்ற சோற்றை விழுங்கினான்.

"இங்கதான் வெள்ளக்காரன் கொண்டாந்த காயெல்லாம் போடுறாங்களே, அதுல ஒண்ணா? உங்க மாமா பிரியமாக் குடுத்துவிட்டுருக்காரு. தோலு சீவணுமா, இப்படியே போடலாமா?" அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தேங்கா போட்டுக் கூட்டு வைக்கிறேன். உனக்கும் தர்றேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அம்மாளே சமைத்து, அம்மாளே சாப்பிட்டு, வெள்ளைக்காரன் காய் கொஞ்சம் கடினம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இருபத்து மூன்று நாளும் தானாக ஓடிவிடும். பொன்னுவேல் தட்டைப் பார்த்தான். தயிர் கட்டியாகத்தான் இருந்தது. பதினோரு மாதமாக ஒருநாள்கூட அந்தத் தட்டில் தயிர் தண்ணியாக இருந்ததில்லை.

"அம்மா, அத அறுக்காதீங்க," என்றான்.

"ஏன்டா?"

"அது காய் இல்லீங்கம்மா."

"பின்ன?"

அந்த நேரத்தில் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஞானவேல் முதலாளி சமையலறைக்குள் வந்தார். மனைவியைப் பார்த்தார். அரிவாள்மனையைப் பார்த்தார். இலைமேல் இருந்ததைப் பார்த்தார். அவருடைய தொண்டைக்குழி ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது.

"வள்ளி, தொடாத அத."

"ஏங்க, என்ன இது?"

"அது... கெழங்கு. மருந்துக் கெழங்கு. மூட்டுவலிக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மதுரையில நம்ம வைத்தியரு காட்டிருக்காரு."

பொன்னுவேல் முதலாளியை நிமிர்ந்து பார்த்தான். மதுரைக்குச் சரக்கெடுக்கப் போகிற ஒவ்வொரு வியாழக்கிழமையும் முதலாளி காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, வைத்தியரைப் பார்க்கத் தனியே நடந்து போவார். ஒரு மணிநேரம் கழித்து நாலு வெற்றிலையை ஒன்றாக மென்றுகொண்டு வருவார். முகத்தில் அப்படியொரு ஆரோக்கியம் இருக்கும்.

"எனக்கும்தான் மூட்டு வலிக்குது," என்றார் அம்மாள். "பாதிய எனக்குக் குடுங்க."

"இது ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான்."

"முட்டி எல்லாருக்கும் ஒண்ணுதானங்க?"

"வைத்தியம் வேற வேற," என்றார் முதலாளி உறுதியாக. இலையை மடித்து, நாரை இரண்டு சுற்று சுற்றி, பழகின கையால் முடிச்சுப் போட்டார். "பொன்னு, வெளிய வா."

*

தோட்டத்தில் கார் பக்கத்தில் போய் நின்றார்கள். பொன்னுவேல் கையைக் கட்டிக்கொண்டான்.

"ஐயா, அது கெழங்கு இல்லீங்க."

"தெரியும்லே. கடமான் ஈரல். இன்னைக்கு வெள்ளனே அடிச்சது. நெறத்தப் பாத்தாலே தெரியாதா?" சொல்லி முடித்த பிறகுதான் முதலாளிக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க ஒன்றும் இல்லை, மஞ்சு இறங்கிவிட்டிருந்தது.

பொன்னுவேல் எல்லாவற்றையும் சொன்னான். நாவல் மரம், சுபேதார், தோள்பங்கு, கம்பவுண்டர், பெண், இருபத்து மூன்று நாள், ஒன்று விடாமல். முதலாளி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கார்க் கதவைத் திறந்து, பின்சீட்டைத் தூக்கி, அடியில் விரலால் தடவிப் பார்த்தார். குனிந்து தரையைப் பார்த்தார். விரலை மோந்தார்.

"ஒரு முழுக் கடமான் இதுல வந்துச்சு?"

"ஆமாங்க."

"கொம்போட?"

"ஆமாங்க."

"யாருலே கட்டுனது?"

"மாமா மக, அன்னக்கொடி."

"அந்தப் பிள்ளைய விட்றாத," என்றார் முதலாளி. குரலில் ஒரு பக்தி இருந்தது. பிறகு பொட்டலத்தைக் கையில் எடை பார்த்தார். "அந்தத் தோள்பங்கு, மறுத்தா ஊருக்கு ஆகாதுன்னா சொன்னாங்க?"

"அப்படித்தாங்க சொன்னாங்க. வெள்ளாமை போயிருமாம்."

"நம்மால ஒரு ஊரு வெள்ளாமை போகக் கூடாதுலே. பாவம்." முதலாளி மப்ளரைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். "சங்கத்துச் சமையக்காரரு ஒருத்தரப் பத்திச் சொன்னியே. அவருக்கு மெளகு போட்டு வறுக்கத் தெரியுமா?"

"தெரியுங்க. கார எடுக்கட்டுங்களா?"

"கூறு இருக்கா ஒனக்கு? அந்தக் காருல இதையெல்லாம் ஏத்தலாமா? நடந்து போவோம்."

வழியில் முதலாளி வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பொன்னுவேலும் கேட்கவில்லை. கேட்காமலிருக்கிற டிரைவர் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஏரிக்கரை திருப்பத்தில் நின்று, "நான் இருக்கற வரைக்கும் நீதாம்லே டிரைவரு," என்றார். "வேற எங்கயும் போயிராத. தயவுசெஞ்சு போயிராத."

இருபத்து நாலாவது நாள், ஞானவேல் முதலாளி தாமே வெற்றிலை பாக்குத் தட்டோடு பேத்துப்பாறைக்கு வந்து, தம் டிரைவருக்குப் பெண் கேட்டார். பழனி முதலாளி ஒருவர் காரேறி மலைக்கு வந்து பெண் கேட்டதில் நல்லசாமிக்குத் தலை கால் புரியவில்லை. பெண்ணைத் தருவதாக உடனே சொல்லிவிட்டார். அன்னக்கொடி மட்டும் கதவோரம் நின்று, "மச்சானுக்கு வாய் கெடையாதா, ஆள் வச்சுத்தான் பேசுவாரா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

பேச்சு முடிந்து எழுந்த முதலாளி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மாமனிடம் சாதாரணமாக விசாரித்தார்.

"அந்த சுபேதாரு லைசென்சுல இன்னும் எத்தன மானு மிச்சம் இருக்கு?"